நின்றபடி தின்றது

அந்தச் சமையல்கட்டில் உப்புப் பார்க்கிற வேலை பெரியவளுடையது. யாரும் உத்தரவு போட்டுக் கொடுத்த வேலை இல்லை. மின்விசிறித் தொழிற்சாலையின் கேன்டீனில் அவளைச் சேர்த்தது சோறு வடிக்கவும் அண்டா கழுவவும்தான். ஆனால் சமையல் மாஸ்டருக்குப் புகையிலையை அடக்கி அடக்கி நாக்கு செத்துப் போயிருந்தது. கைப்பழக்கத்தில் அவர் போடுவது பெரும்பாலும் சரியாகவே விழும். விழுந்தது சரிதானா என்று சொல்ல இன்னொரு நாக்கு வேண்டும்.

“பெரியவளே, உப்புப் பாரு.”

அகப்பையிலிருந்து உள்ளங்கையில் ஊற்றி, ஊதி, நக்கிப் பார்ப்பாள். கண்ணை ஒரு கணம் மூடுவாள். “இன்னும் அரைக் கை போடுங்க.” அவர் போடுவார். மறுபடியும் உள்ளங்கை. குழம்பு கொதிக்கும்போது ஒரு தரம், இறக்கும்போது ஒரு தரம், பொரியலில் ஒரு கிள்ளு, கிழங்கு வெந்ததா என்று ஒரு துண்டு. எல்லாரும் சாப்பிட்டுப் போனபின் அண்டாவின் அடியில் பொன்னிறமாகப் பிடித்திருக்கும் காந்தல், அண்டா கழுவுகிறவளின் உரிமை. அதைச் சுரண்டிச் சுரண்டி வாயில் போட்டுக்கொண்டே தேய்ப்பாள். மீந்த டீயைக் கொட்ட மனம் வராது. பாலும் சர்க்கரையும் போட்ட பண்டம், சாக்கடைக்கா போவது?

இத்தனைக்கும் பிறகு அவளைக் கேட்டால், “காலையிலேருந்து பச்சைத் தண்ணி பல்லுல படல” என்பாள். பொய் சொல்லவில்லை. சாப்பாடு என்றால் தட்டுப் போட்டு உட்கார்ந்து சாப்பிடுவது. நின்றபடி வாயில் போட்டுக்கொள்வதெல்லாம் வேலையோடு சேர்ந்தது. அந்தச் சமையல்கட்டில் இருந்த பெண்கள் எல்லாருக்குமே அப்படித்தான். ஈர்க்குச்சி என்று எல்லாரும் கூப்பிடும் தட்டுக் கழுவுகிறவளும் நின்றபடிதான் தின்றாள். அவளுக்கு மட்டும் தின்றது எங்கே போனதென்று தெரியாது, உடம்பு துடைப்பக்குச்சி மாதிரியே இருந்தது. பெரியவளுக்குத் தின்றது வழி தவறாமல் வந்து சேர்ந்தது.

வீட்டுக்கு மூத்தவள் என்பதால் பிறந்தபோதிலிருந்தே பெரியவள். கேன்டீனிலும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது, அங்கே காரணம் வேறு. தம்பி மட்டும் சின்ன வயதிலிருந்து “பூசணி” என்பான். அவள் அதற்கெல்லாம் கோபப்பட்டதில்லை. புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு தம்பி வீடே வீடென்று ஆகிவிட்டது. கைகால் நன்றாக ஓடியது, அண்டாவை ஒற்றை ஆளாகச் சாய்த்தாள். உடம்பு பெருத்திருந்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று இருந்தாள், தம்பியின் இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போகும் வரை.

தம்பி இருசக்கர வண்டி மெக்கானிக். தலைவலி, கால்வீக்கம் என்று ஆரம்பித்து, ஒரு நாள் கடையிலேயே வாந்தியெடுத்து விழுந்தான். இப்போது வாரத்தில் பாதி நாள் ஆஸ்பத்திரியில் ஊசியோடு படுத்து, ரத்தத்தை இயந்திரத்தில் விட்டுச் சுத்தம் செய்துகொண்டு வருகிறான். கடைச் சாமான்கள் கட்டிலுக்கடியில் இரும்புப் பெட்டியில் கிடந்தன. மாற்றுச் சிறுநீரகம் கிடைத்தால் மறுபடி பெட்டியைத் திறக்கலாம். அவன் பெண்டாட்டி சின்னவளுடைய ரத்தம் பொருந்தவில்லை. பெரியவளுடையது பொருந்தியது.

எல்லாச் சோதனையும் முடிந்தபின் டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“எல்லாம் நல்லா இருக்கும்மா. எடை ஒண்ணுதான். இந்த எடையில உங்களை மயக்க மருந்து கொடுத்துப் படுக்க வைக்க முடியாது. ஒரு உசுரைக் காப்பாத்தப் போய் ரெண்டு உசுரைப் பணயம் வைக்கக் கூடாது பாருங்க.”

“எவ்வளவு குறையணும்?”

சொன்னார். பெரியவள் மனதுக்குள் அதை அரிசி மூட்டையாக நினைத்துப் பார்த்தாள். தூக்கிவிடுகிற மூட்டைதான், இறக்கி வைப்பதுதான் எப்படியென்று தெரியவில்லை.

“மூணு மாசத்துல வாங்க. சரியா இருந்தா ஆபரேஷன் குழுகிட்ட உங்க பேரைக் கொடுத்துடறேன். பட்டினி மட்டும் கிடக்காதீங்க.”

அடுத்த அறையில் சாப்பாட்டு ஆலோசனை சொல்லும் பெண். இளவயதுக்காரி, பொறுமையாகத்தான் சொன்னாள். ஓட்ஸ், பாதாம், ஆப்பிள், பெரிய மீன் என்று அவள் ஆரம்பித்தபோதே பெரியவளின் மனம் கடைத்தெருவுக்குப் போய் விலை கேட்டு, அங்கேயே உட்கார்ந்துவிட்டது. அதற்கப்புறம் அந்தப் பெண், “அதெல்லாம் முடியலன்னா கீரை, பயறு, முட்டை போதும்மா. எது சாப்பிட்டாலும் தட்டுல பாதிக்குக் காய். தண்ணி நிறையக் குடிங்க” என்று சொன்னாள். பெரியவள் தலையை ஆட்டினாள். காதுக்குள் ஒன்றும் போகவில்லை.

வெளியே பெஞ்சில் காத்திருந்த சின்னவள் கேட்டாள். “என்ன சொன்னாங்க அண்ணி?”

“பணக்காரங்க ஒல்லியாகிற வழியைச் சொன்னாங்க.”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பி சிரித்தான். “உன்னை ஒல்லியாக்க என் கிட்னிதான் கெடணும்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தா, பத்து வருஷத்துக்கு முன்னாடியே கெடுத்துக்கிட்டிருப்பேனே பூசணி.”

“வாயை மூடுறா.”

“மூடித்தானே வச்சிருக்கேன். ஒரு நாளைக்கு எத்தனை வாய் தண்ணின்னு இவகிட்ட கேட்டுப் பாரு.”

அதுவும் உண்மை. வீட்டில் அவனுக்கென்று ஒரு சின்ன எவர்சில்வர் பாட்டில். காலையில் சின்னவள் அதை நிரப்பி வைப்பாள், அன்றைக்கு முழுதும் அவ்வளவுதான். மூடியில் ஊற்றி மூடி மூடியாகக் குடிப்பான். வெயில் நாளில் ஒரு துண்டு ஐஸை வாயில் அடக்கிக்கொண்டு, அது கரையும்வரை பேசாமல் இருப்பான். அவனுடைய காயைப் பொடியாக நறுக்கி, ஊறவைத்து, வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துவிட்டு, மறுபடி புதுத் தண்ணீரில் வேகவைக்க வேண்டும். கீரை கூடாது, பழம் கூடாது, பருப்பு கூடாது. உப்பு என்ற சொல்லையே அந்த வீட்டில் மெதுவாகத்தான் சொன்னார்கள்.

நோய் வந்த புதிதில் ஒரு சாயங்காலம், வேலையிலிருந்து வேர்த்து விறுவிறுத்து வந்த பெரியவள் பானையிலிருந்து ஒரு செம்பு மொண்டு அண்ணாந்து மடக்மடக்கென்று குடித்தாள். செம்பை இறக்கும்போது பார்த்தாள். தம்பி கட்டிலில் படுத்தபடி அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் பார்ப்பதைப் பார்த்ததும் சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். அன்றிலிருந்து அவள் அந்த வீட்டில் தண்ணீர் குடிக்கவில்லை. யாரிடமும் சொல்லவுமில்லை.

எடையைக் குறைக்கத் தனக்குத் தெரிந்த வழியில் இறங்கினாள். ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தினாள். கேன்டீனில் மீந்ததைத் தூக்குவாளியில் கொண்டுவந்தால் சின்னவளிடம் கொடுத்துவிட்டு, தட்டே போடாமல் பாயை விரித்துவிடுவாள். பஸ்ஸை விட்டுவிட்டு நடந்தே வேலைக்குப் போனாள். மருந்துக்கடை வாசலில் ஒரு எடை மிஷின் இருந்தது. வாரா வாரம் ஏறி நின்றாள். முள் அசைந்து, யோசித்து, பழைய இடத்துக்கே வந்து நின்றது. ஒரு வாரம் பழைய இடத்தையும் தாண்டியது.

“மிஷின் சரியில்ல” என்றாள் கடைக்காரரிடம்.

“எல்லாரும் அப்படித்தாம்மா சொல்றாங்க. குறைச்சுக் காட்டினா மட்டும் யாரும் சொல்லமாட்டேங்கறாங்க.”

வீட்டில் தம்பி கேட்டான். “காத்தைக் குடிச்சே ஊதுறியா பூசணி?”

விளையாட்டுக்குத்தான் கேட்டான். ஆனால் சின்னவள் சிரிக்கவில்லை. கூலிக்குத் தலையணை உறைகளில் பித்தான் தைத்துக்கொண்டிருந்தவள் நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே நிமிர்ந்து பெரியவளை ஒரு பார்வை பார்த்தாள். பெரியவளுக்கு அது சுருக்கென்று தைத்தது. நான் திருட்டுத்தனமாகத் தின்கிறேன் என்று நினைக்கிறாள். கிட்னியைக் கொடுக்க மனமில்லாமல், வாயால் சரியென்று சொல்லிவிட்டு வயிற்றால் இல்லையென்று சொல்கிறேன் என்று நினைக்கிறாள்.

அப்படித்தான் சின்னவளும் நினைத்திருந்தாள். பிறகு ஒரு நாள் அதைச் சொல்லி அழுதாள்.

அன்று தம்பிக்கு ஆஸ்பத்திரி நாள். பெரியவள் மறதியாக வீட்டைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டாள். தெருமுனைக் குழாய்க்குப் போய்விட்டு வந்து, பூட்டிய கதவைப் பார்த்த சின்னவள் சாவி கேட்டுக் கேன்டீனுக்கே வந்தாள். காவல்காரர் சமையல்கட்டின் பின்வாசலைக் காட்டினார். உள்ளே ஆவியும் இரைச்சலும், ஒரு ஷிப்டு சாப்பிட்டுப் போய் அடுத்த ஷிப்டுக்குக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. கரண்டியும் கையுமாக நின்ற பெரியவள் அவளைப் பார்க்கவில்லை. கூப்பிட வாயெடுத்த சின்னவள் கூப்பிடாமல் நின்றுவிட்டாள்.

உள்ளங்கையில் குழம்பு. நக்கினாள். மாஸ்டர் என்னவோ போட்டார், மறுபடி குழம்பு. வறுத்த கிழங்கில் இரண்டு துண்டு வாய்க்குப் போயின, ஈர்க்குச்சியோடு பேசிக்கொண்டே. தட்டில் யாரோ விட்டுப்போன முட்டைப் பாதியைத் தொட்டியில் போடாமல் வாயில் போட்டாள். டீப் பாத்திரத்தைச் சாய்த்து அடியிலிருந்ததை அப்படியே குடித்தாள். அப்புறம் அண்டாவுக்குள் தலையை விட்டுக் காந்தலைச் சுரண்டினாள். சுரண்டின கை பாதி வாளிக்கும் பாதி வாய்க்குமாகப் போய்வந்தது. முகத்தில் திருட்டுக் களையே இல்லை. பேசும்போது கை அசைவது போல அது பாட்டுக்கு நடந்தது.

சாவியை வாங்கிக்கொண்டு சின்னவள் போனாள். சாயங்காலம் தம்பி தூங்கும் நேரமாகப் பார்த்து ஆரம்பித்தாள்.

“அண்ணி, இன்னைக்கு மதியம் என்ன சாப்பிட்டீங்க?”

“மதியமா? எங்கடி சாப்பிட்டேன்? ஒரு வாய்கூட உட்கார்ந்து சாப்பிடல.”

“உட்காரலதான்.”

பெரியவள் நிமிர்ந்தாள்.

“நான் பார்த்துக்கிட்டே நின்னேன் அண்ணி. நீங்க சாப்பிடறதை நீங்களே பார்த்ததில்ல.” பார்த்ததை ஒவ்வொன்றாகச் சொன்னாள். கிழங்கு, முட்டை, டீ, காந்தல். சொல்லச் சொல்லப் பெரியவளின் முகம் கறுத்தது. மறுக்க வாயெடுத்தாள், வாயிலேயே காந்தலின் ருசி இருந்தது.

“அது உப்புப் பார்க்கிறதுடி. அது வேலை.”

“உப்புப் பார்த்தது வயித்துக்குள்ள போகாம வழியில இறங்கிப் போயிடுதா?” சொல்லும்போதே சின்னவளுக்குக் கண் கலங்கிவிட்டது. “நான் வேற மாதிரி நினைச்சுட்டேன் அண்ணி. நீங்க மனசில்லாமத்தான் இப்படிப் பண்றீங்கன்னு... என்னை செருப்பால அடிங்க.”

பெரியவள் அவளை அடிக்கவில்லை. வெகுநேரம் தன் வலது உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷமும் அது ஒரு தட்டாக இருந்திருக்கிறது.

அன்றைக்குச் சின்னவள் ஒரு சட்டம் போட்டாள். வாய்க்குப் போவது எதுவானாலும் தட்டு வழியாகத்தான் போக வேண்டும், தட்டு என்றால் உட்கார வேண்டும். கேட்க லேசாக இருந்தது. மறுநாள் அடுப்படியில் நின்றபோதுதான் கஷ்டம் தெரிந்தது. கை தானாக எழுந்தது. கடைசியில் ஒரு துண்டை மூக்குக்குக் கீழே இறுக்கிக் கட்டிக்கொண்டாள். கை போய்த் துணியில் முட்டித் திரும்பியது.

“என்ன பெரியவளே, கொள்ளையடிக்கக் கிளம்பிட்டியா?” என்றார் மாஸ்டர்.

“வாயைக் கட்டி வயித்தைக் கட்டின்னு சொல்லுவாங்களே, அதைக் கண்ணால இன்னைக்குத்தான் பார்க்கிறேன்” என்றாள் ஈர்க்குச்சி.

உப்புப் பார்க்கும் வேலை ஈர்க்குச்சிக்குப் போனது. அவளுக்கு மாஸ்டரிடம் பயம். எதை ஊற்றினாலும், “நல்லாத்தான் இருக்கு மாஸ்டர்” என்றாள். மூன்றாம் நாள் தொழிலாளர்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கே வந்துவிட்டார்கள். மாஸ்டர் ஒரு வாரம் பெரியவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. காந்தலும் தூக்குவாளியும்கூட ஈர்க்குச்சிக்கே போயின.

தூக்குவாளி நின்றபோதுதான் வீட்டில் வேறு சங்கடம் வந்தது. மீந்த சோறு காசில்லாமல் வந்தது, நல்ல சாப்பாடு காசில்லாமல் வருவதில்லை. சின்னவள் கூடுதலாக உறைகள் வாங்கித் தைத்தாள். சந்தைக்குக் காலையில் போகாமல் கடை கட்டும் நேரத்துக்குப் போனாள். வாடத் தொடங்கிய கீரைக்கட்டு, மேல் இலை கிழிந்த முட்டைக்கோஸ், கீறல் விழுந்த முட்டை. கீரைக்காரி, “தினமும் இதையே வாங்குறியே, வீட்டுல மாடு கட்டியிருக்கியா?” என்று கேட்டாள். “ஆமா, மாடுதான். இளைக்க வைக்கிறோம்” என்றாள் சின்னவள். தம்பிக்குக் கூடாதென்று ஒதுக்கினதெல்லாம் பெரியவளுக்கு நல்லதாக இருந்தது. கீரை, பயறு, தோல் சீவாத பழம். அவனுக்காக வடித்துக் கொட்டின காய்த் தண்ணீர்கூட மிளகு தட்டிப் போட்டால் சூப். ஒரே அடுப்பில் அவனுக்கு ஒதுக்கியது அவளுக்கு ஆகாரமானது. சில நாள் பெரியவள் பாதியில் தட்டைத் தள்ளி வைத்தாள். அவன் அதைப் பார்த்துவிட்டு, “என் பங்கையும் சேர்த்து நல்லா மெல்லு” என்பான்.

முள் இறங்கத் தொடங்கியது. மெதுவாக, மனமில்லாமல், ஆனால் இறங்கியது. ரவிக்கையின் கை தளர்ந்தது. சின்னவள் ஓரத்தைப் பிடித்துத் தைத்துக் கொடுத்தாள். நடக்கும்போது முழங்கால் வலி குறைந்திருந்ததைப் பெரியவள் ஒரு நாள் பாதி வழியில்தான் கவனித்தாள்.

தம்பியின் இடது முன்கையில் டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக இரண்டு ரத்தக்குழாய்களைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். அந்த இடத்தில் கை வைத்தால் உள்ளே குறுகுறுவென்று ரத்தம் ஓடுவது தெரியும். தினமும் காலையில் பெரியவள் வேலைக்குப் புறப்படுமுன் கையை நீட்டுவான். “எஞ்சின் ஓடுதான்னு பாரு.” அவள் உள்ளங்கையை வைப்பாள். நிறுத்தி வைத்த வண்டி உறுமுவது போல இருக்கும். “ஓடுதுடா.” அப்புறம்தான் செருப்பை மாட்டுவாள்.

ஆஸ்பத்திரி நாள் நெருங்கிக்கொண்டிருந்த ஒரு காலையில் கை வைத்தாள். ஒன்றும் ஓடவில்லை. கையை மாற்றி வைத்தாள். காதை வைத்துப் பார்த்தாள். வெறும் சதை.

தம்பி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். “ஆஃப் ஆயிடுச்சா?”

அன்றைக்கே ஆஸ்பத்திரி. அடைத்துப்போன இடத்தைத் திறக்க முடியவில்லை. கழுத்தில் துளை போட்டுக் குழாய் இறக்கினார்கள். இது தற்காலிகம், கிருமி ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ரொம்ப நாள் இப்படி ஓட்ட முடியாது என்றார்கள். தாடைக்குக் கீழே பிளாஸ்திரியும் இரண்டு குழாய் நுனியுமாக அவன் வீட்டுக்கு வந்தபோது பெரியவள் விரல்விட்டு நாளை எண்ணினாள். முள் இறங்குகிற வேகம் இனி போதாது.

சின்னவளுக்குத் தெரியாமல்தான் பட்டினி கிடந்தாள். காலையில், “கேன்டீன்ல தட்டுப் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டுக்கறேன்” என்பாள். சாயங்காலம், “சாப்பிட்டுட்டேன்டி, சத்தியமா உட்கார்ந்துதான்” என்பாள். சின்னவள் நம்பினாள். ஒரு முறை தப்பாக நினைத்த குற்றத்தால் இந்த முறை கேள்வியே கேட்கவில்லை. அவளுக்கென்று எடுத்து வைத்த பயறும் முட்டையும் மறுநாள் சின்னவள் தட்டுக்கே திரும்பி வந்தன. பெரியவள் அண்டாவைச் சாய்க்கும்போது கண் இருட்டியது. துண்டு மட்டும் வாயில் இறுக்கமாக இருந்தது.

“குறைஞ்சுதா?” என்று கேட்டாள் ஈர்க்குச்சி.

“கொஞ்சம் பாக்கி இருக்கு. நாள்தான் இல்ல.”

“எங்க சித்தப்பா மகன் குத்துச்சண்டைக்குப் போவான். எடை பார்க்கிறதுக்கு முன்னாடி ரெண்டு நாள் தண்ணியைத் தொடவே மாட்டான். தண்ணிதானே எடைங்கறான்.”

நல்லெண்ணத்தில் சொன்னாள். பெரியவளுக்கு அது பெரிய கஷ்டமாகவும் படவில்லை. வீட்டில் தண்ணீர் குடிக்காமல் இருந்து பழகியவள்தானே. கேன்டீன் குழாயில் மட்டும் குடித்துக்கொண்டிருந்தாள், அதையும் நிறுத்தினாள். அடுப்பின் முன்னால் நின்று வேர்த்தாள். நாக்கு அண்ணத்தில் ஒட்டியது. ராத்திரி பாயில் கிடந்தபோது, இதைத்தானே அவன் தினமும் படுகிறான் என்று நினைத்துக்கொண்டாள். அந்த நினைப்பு அவளுக்கு இதமாகக்கூட இருந்தது.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் எடையைப் பார்த்துவிட்டு, பழைய சீட்டைப் பார்த்துவிட்டு, “அடேங்கப்பா” என்றாள். டாக்டரம்மா சொன்ன எடைக்குக் கீழேயே வந்திருந்தது. பெரியவள் மேடையை விட்டு இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டாள். பெஞ்சிலிருந்த தம்பியைப் பார்த்து விரலை ஆட்டினாள், ஜெயித்துவிட்டேன் என்பது போல. அவன் கழுத்துக் குழாயோடு சேர்ந்து சிரித்தான். சின்னவள் அவள் கையைப் பிடித்து, “உங்க கை ஏன் அண்ணி இப்படி வறவறன்னு இருக்கு?” என்று கேட்டாள். பதில் வருமுன் ரத்தம் எடுக்கக் கூப்பிட்டார்கள். நரம்பு கிடைக்காமல் மூன்று இடத்தில் குத்தினார்கள்.

மதியம் டாக்டரம்மா கூப்பிட்டார். மூவரும் உள்ளே போனார்கள். அவர் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்த விதத்திலேயே சின்னவளுக்குத் தெரிந்துவிட்டது.

“கடைசியா எப்போ தண்ணி குடிச்சீங்க?”

பெரியவள் சுவரிலிருந்த படத்தைப் பார்த்தாள்.

“உங்களைத்தாம்மா கேக்கறேன்.”

“முந்தாநாள்... அதுக்கு முந்தின நாள்.”

“சாப்பாடு?”

சின்னவள் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“போன தடவை உங்க ரத்தத்துல கழிவு அளவு, அதான் கிரியாட்டினின், அருமையா இருந்துச்சு. இப்போ ஏறியிருக்கு. நீங்க கொடுக்க வந்த கிட்னியையே வறுத்து எடுத்துட்டு வந்திருக்கீங்க. இது குறைஞ்ச எடை இல்லம்மா, வத்தின எடை. இதைக் காட்டிக் குழுகிட்ட நான் எப்படிப் பேரைக் கொடுப்பேன்?” குரலை உயர்த்தவில்லை. “தண்ணி குடிச்சு, சாப்பிட்டு, ஒரு மாசம் கழிச்சு மறுபடி எடுப்போம். இறங்கிடும்னுதான் நினைக்கிறேன். நினைக்கிறேன், அவ்வளவுதான். எடை கொஞ்சம் ஏறும். ஏறட்டும். இந்தப் பட்டினிக்கு முன்னாடி ஒழுங்காக் குறைச்சுக்கிட்டுதானே வந்தீங்க?”

“ஒரு மாசம்...” என்றாள் பெரியவள். அவள் கண் தம்பியின் கழுத்துக்குப் போனது. “அதுவரைக்கும் அந்தக் குழாய் தாங்குமா?”

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பார்த்துக்குவோம்” என்றார் கடைசியில்.

வெளியே நடைபாதையில் வரிசையாக பெஞ்சுகள். மூலையில் குடிதண்ணீர்த் தொட்டி, அதோடு சங்கிலியில் கட்டின எவர்சில்வர் தம்ளர். தம்பி முன்னால் நடந்தான். பெரியவள் பின்னால் போனாள்.

“திட்டணும்னா திட்டிடுடா.”

அவன் திரும்பினான். “உன் உசுரை வத்த வச்சு எனக்குக் குடுன்னு நான் கேட்டேனா? கேட்டேனா சொல்லு!” நடைபாதையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கத்தினதில் கழுத்துப் பிளாஸ்திரி இழுத்து, வலியில் முகம் சுருங்கியது. சின்னவள் ஓடிவந்து தோளைப் பிடித்தாள். அவன் அவள் கையை விலக்கினான்.

“வீட்டுல தண்ணியே குடிக்கமாட்டே இல்ல? எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? எத்தனை நாளா பார்த்துக்கிட்டிருக்கேன். நான் அன்னைக்கு உன்னைப் பார்த்தேன், அதனாலதானே?”

பெரியவள் வெடித்த உதட்டை முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

அவன் சின்னவளின் பையிலிருந்து தன் சின்னப் பாட்டிலின் மூடியை எடுத்தான். கொஞ்சம் யோசித்து, அதைத் திரும்பப் போட்டுவிட்டு, குடிதண்ணீர்த் தொட்டிக்குப் போனான். சங்கிலித் தம்ளரை நன்றாகக் கழுவி, விளிம்பு வரை பிடித்தான். சங்கிலி எவ்வளவு தூரம் வருமோ அவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு நின்றான்.

“வா இங்கே.”

வந்தாள். தம்ளரை வாங்கினாள். குடிக்கவில்லை.

“நீ அந்தப் பக்கம் திரும்பிக்கோடா.”

“திரும்பமாட்டேன். குடி.”

“உன் முன்னாடி எப்படிடா...”

“முன்னாடிதான் குடிக்கணும். முதல்ல உட்காரு.”

“நிக்கிறேன், பரவால்ல.”

“நின்னுக்கிட்டு உள்ள போறது உனக்குக் கணக்குல வராது. உட்காரு.”

தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு சிமெண்டுக் கட்டை இருந்தது. சங்கிலி எட்டுகிற இடம் அது ஒன்றுதான். பெரியவள் அதில் உட்கார்ந்தாள். அவன் அவள் எதிரே, கழுத்தை அசைக்காமல், மெதுவாகக் குனிந்து குந்தினான். முதல் வாய் எரிந்துகொண்டு இறங்கியது. இரண்டாவது வாய்க்குத் தொண்டை தானே திறந்தது. அவன் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் தொண்டை ஏறி இறங்குவதை, ஒரு வாய்கூட விடாமல். இந்தத் தடவை சுவர்ப்பக்கம் திரும்பவில்லை. அவன் உதடு லேசாக அசைந்தது, தானும் விழுங்குவது போல.

“எப்படி இருக்கு? உப்புப் பார்த்துச் சொல்லு.”

“சப்புன்னு இருக்கு.”

“பொய் சொல்றே.”

பெரியவள் தம்ளரின் அடியைப் பார்த்தாள். கண்ணீர் அதற்குள் விழுந்துவிடாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “நல்லா இருக்குடா” என்றாள். “ரொம்ப நல்லா இருக்கு.”

“அப்படிச் சொல்லு.” அவன் தம்ளரை வாங்கிச் சின்னவளிடம் நீட்டினான். சின்னவள் குழாயைத் திறந்தாள். தண்ணீர் விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு மூவரும் அப்படியே இருந்தார்கள். உள்ளே டயாலிசிஸ் அறையிலிருந்து நர்ஸ் எட்டிப் பார்த்து, அடுத்தது அவன்தான் என்றாள். அவன் எழுந்திருக்கவில்லை.

“ஒரு நிமிஷம் சிஸ்டர்” என்றான். “எங்க அக்கா குடிச்சு முடிக்கட்டும்.”